திங்கட்கிழமைப் பயிற்சி

அந்தக் குடியிருப்பில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுநாளாகிறது. விசில்காரி என்றால்தான் யாருக்கும் தெரியும். மெத்தை கம்பெனியில் தலையணை உறை தைக்கிறவள். கழுத்தில் எந்நேரமும் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

வீடுகளெல்லாம் சாலைக்கு இந்தப் பக்கம். கம்பெனி, பள்ளிக்கூடம், மருந்துக்கடை எல்லாம் அந்தப் பக்கம். நடுவில் கண்மண் தெரியாமல் பறக்கிற வண்டிகள். சிக்னல் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் வாய் வலித்துப்போன சமயத்தில்தான் அந்த ஒருங்கிணைப்பாளர் வந்தார், பாதசாரிகள் பாதுகாப்புத் திட்டம் என்று. காரிலிருந்தே கண்ணாடியை இறக்கிப் பேசிவிட்டுப் போகிற ரகம் இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசினார். அதிலேயே அவளுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் சொல்லிக்கொடுத்தது சின்ன விஷயம். வெள்ளைக்கோட்டில் நில். கையை நன்றாக நீட்டு. வண்டிக்காரர் முகத்தைப் பார்த்தபடி இறங்கி நட. ஓடாதே, ஓடினால் அவர் குழம்பிவிடுவார்.

“நாங்க கைய நீட்டினா அவங்க நிப்பாங்களா சார்?” கேட்கவேண்டிய ஒரே கேள்வியை அவள் கேட்கத்தான் செய்தாள்.

“அவங்களுக்கும் இதே பயிற்சிதாம்மா. உங்களுக்கு ஞாயித்துக்கிழமை, அவங்களுக்குத் திங்கக்கிழமை.”

அப்புறம் என்ன, அவர் கொடுத்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். பேசிப் பேசியே தெருவை மடக்கிப்போட்டாள். மசியாத ஒரே ஆள் அவளுடைய ஓரகத்திதான், புருஷனின் அண்ணன் மனைவி. அதே கம்பெனியில் பஞ்சு அடைக்கிறவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஆனால் இரண்டு பேருக்கும் எலிக்கும் பூனைக்குமான உறவு. பெரியவள் சாலையைக் கடக்கிற அழகே தனி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வருகிற வண்டியின் பரம்பரையையே திட்டிக்கொண்டு, ஒரே ஓட்டம்.

“உன் விசிலுக்கு உன் புருஷனே திரும்பிப் பார்க்கமாட்டான். லாரி நிக்கப்போகுதா?”

“ஒரு தடவ வந்துதான் பாருங்களேன் அக்கா.”

வந்தாள். திட்டத்துக்காகப் படம் எடுக்கிறவர்களும் போக்குவரத்துக் காவலரும் நின்றிருந்த நாள் அது. பெரியவள் நீட்டிய கைக்கு ஒரு பெரிய பஸ்ஸே நின்றது. பெரியவளுக்கு வாயெல்லாம் பல். “மகாராணி மாதிரி இருக்குடி!” என்றாள். அதோடு ஓடுவதை விட்டுவிட்டாள். சின்னவள் சொல்லி அவள் கேட்ட முதல் விஷயம் அதுதான். சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை.

காவலர் வராத நாட்களில் சில வண்டிகள் நின்றன, சில வளைத்துக்கொண்டு போயின. பழகக் கொஞ்சநாள் ஆகும் என்று அவளே எல்லோருக்கும் சமாதானம் சொன்னாள்.

ஒரு காலை, வேலைக்குப் போகும்போது, பெரியவள் முன்னால் போய்க் கோட்டில் நின்றாள். கையை நீட்டினாள். இறங்கி நடந்தாள். தண்ணீர் லாரி வந்தது. ஓடியிருந்தால் தப்பியிருப்பாள், பழைய ஓட்டம் ஓடியிருந்தால் நிச்சயம் தப்பியிருப்பாள். சின்னவள் பின்னாலிருந்து விசிலை ஊது ஊதென்று ஊதினாள். லாரி பெரியவள் இடுப்பில் இடித்த பிறகுதான் நின்றது.

ஓட்டுநர் தப்பி ஓடவில்லை. அவனும் சேர்ந்துதான் தூக்கினான். ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னவள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

“கைய நீட்டினாங்கல்ல? நீ பார்த்தியா இல்லையா?”

“பார்த்தேன்மா. எதிர்ப்பக்கம் யாரையோ கூப்பிடுறாங்கன்னு நினைச்சுட்டேன்.”

“திங்கக்கிழமைப் பயிற்சில சொல்லித்தரலையா?”

“என்ன பயிற்சி?”

அவன் முகத்தில் பொய் இல்லை. சட்டையை விட்டுவிட்டாள்.

நேராக ஒருங்கிணைப்பாளரின் அலுவலகத்துக்குப் போனாள். அவர் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார், அதில் குறை சொல்ல முடியாது.

“ஓட்டுநர்களுக்கு அடுத்த வருஷம்தாம்மா. உங்கள மாதிரி மக்களைக் கூட்டுறது சுலபம். லாரி முதலாளிங்க உள்ளேயே விடல.”

“அப்ப ஏன் சார் திங்கக்கிழமைன்னு சொன்னீங்க?”

“அப்படிச் சொல்லலன்னா நீங்க யாராவது ரோட்டுல இறங்கியிருப்பீங்களா?”

அதையும் ஒரு நியாயம்போலத்தான் சொன்னார். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தெருவே சேர்ந்து ஏமாந்திருக்கிறது. இந்த மனுஷன் அத்தனை பேர் தலையிலும் மிளகாய் அரைத்திருக்கிறான், அதுவும் அவள் கையாலேயே. எழுந்து வந்தாள்.

பெரியவளுக்கு இடுப்பில் தகடு வைத்திருந்தார்கள். எழுந்து நடப்பாளா என்று டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. நன்றாகத் திட்டட்டும், வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் சின்னவள் கட்டிலருகே போய் நின்றாள். பெரியவள் திட்டவில்லை. கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, மற்ற நோயாளிகளுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

“ஏய், நான் கைய சரியாத்தானே நீட்டினேன்? கொஞ்சம் தாழ்த்திட்டேனோ?”

“இல்ல அக்கா. சரியாத்தான் நீட்டினீங்க.”

“அப்புறம் ஏன்டி நிக்கல?”