இரண்டாம் எடை

எந்த நாற்காலியில் உட்காரும் முன்னும் அத்தை உள்ளங்கையால் அதை இரண்டு முறை அழுத்திப் பார்ப்பாள். வங்கியில், பேருந்து நிலையத்தில், எங்கள் வீட்டில்கூட. தூசி தட்டுகிறாள் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

அப்பாவின் அக்கா அவள். லாரி எடை மேடையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். லாரி சரக்கோடு மேடையில் ஏறினால் முதல் எடை. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் இரண்டாம் எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால்தான் சீட்டு முழுசாகும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அதைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. “அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, என் வண்டி எடை கூடுது” என்பார்கள் டிரைவர்கள். “உன் வாயை இறக்கி வச்சுட்டு வா, தானா குறையும்” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும்தான்.

போன வருடம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பத்தடி நடந்தால் நின்றாள். இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்தால் தேறலாம், தள்ளிப்போட்டால் ஆபத்து என்றார் டாக்டர். எடை கேட்டார். ஆஸ்பத்திரி மெஷின் நூற்றைம்பது கிலோவுக்கு மேல் வெறும் கோடு காட்டியது.

மறுநாள் காலை, முதல் லாரி வருவதற்குள், என்னைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அத்தை எடை மேடையில் போய்த் தனியாக நின்றாள். திரையில் 170 வந்தது. அது பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். கணினி வண்டி எண் கேட்டது. என்ன போடுவது என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

“உன் பேரையே போடு. நீதானே என்னை இழுத்துட்டுத் திரியற. ஆபரேஷன் முடியட்டும், ரெண்டாவது எடையை வந்து போட்டுடறேன்.”

அறுவை சிகிச்சைக்கு முன் மனநல டாக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். மறைத்துச் சாப்பிடும் பழக்கம் உண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள் அத்தை. நான் குறுக்கே பேசினேன். அவளுடைய மேஜை இழுப்பறையில், சீட்டுக் காகிதச் சுருள்களுக்கு அடியில், பிஸ்கட் பாக்கெட்டுகள் இருப்பதைச் சொன்னேன். அழுதுகொண்டே அவள் தின்றதைப் பார்த்ததையும் சொன்னேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். இது மனதின் நோய் என்று டாக்டர் எழுதிவிட்டால் வாயைக் கட்டத் தெரியாதவள் என்று அவளை இனி யாரும் சொல்ல மாட்டார்கள் என நம்பினேன். டாக்டர் எழுதினார். ஆறு மாதம் மனதுக்குச் சிகிச்சை, அப்புறம்தான் கத்தி.

வெளியே வந்து, பெஞ்சை இரண்டு முறை அழுத்திவிட்டு உட்கார்ந்தாள். “இத்தனை வருஷம் வாயைக் குத்தம் சொன்னாங்க. உடம்புக்குத்தான் நோய்னு அந்த ஆபரேஷன் டாக்டர் ஒருத்தர்தான் சொன்னாரு. இப்ப மண்டைன்னு ஆயிடுச்சு.” கோபமாகச் சொல்லவில்லை.

ஆனாலும் வாராவாரம் போனாள். சாப்பாட்டைப் பற்றி அங்கே பேசுவதே இல்லையாம். அவளை விட்டுப் போன மாமாவைப் பற்றி ஒரு நாள் முக்கால் மணி நேரம் பேசினாளாம். எங்களிடம் அவள் அவர் பேச்சை எடுத்ததே இல்லை. அன்றைக்கு இழுப்பறையைத் திறக்கத் தோன்றவில்லை என்றாள். அப்படியானால் நான் செய்தது சரியா? அதை யோசித்து முடிப்பதற்குள், ஐந்தாவது மாதம், தூக்கத்திலேயே போய்விட்டாள்.

சான்றிதழில் இருதயம் நின்றது என்று போட்டார்கள். எடை என்றும் இல்லை, மனம் என்றும் இல்லை. அறுவை சிகிச்சையை அந்த இருதயம் தாங்கியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நான் அழவில்லை. நான்காம் நாள் வேலைக்குப் போனேன்.

போன வாரம், எடை மேடையில் புதிதாகச் சேர்ந்தவர் முதலாளியிடம் என் எண்ணை வாங்கி அழைத்தார். முதல் எடை போட்டுவிட்டுத் திரும்பி வராத வண்டிகளின் பட்டியலில் ஒன்று மாதக்கணக்கில் நிற்கிறதாம். நூற்றெழுபது கிலோ. வண்டி எண் இருக்கவேண்டிய இடத்தில் என் பெயர்.

“வண்டி வருமாங்க? இல்ல, அழிச்சிடவா?”

இருக்கட்டும் என்றேன். இரண்டாம் எடை இன்னும் பாக்கி.