காலண்டர் கிழிக்கும் நேரம்

எண்பதுகளின் தொடக்கம். அரியலூரில் நான் பௌதிக டியூட்டர், குடியிருந்தது செந்துறையில். பகலெல்லாம் பாடமும் பஸ்ஸும். அது போதாதென்று பட்டத்துக்காக ஆராய்ச்சி வேறு. சில நாளைக்கொரு முறை மங்கித் தெளியும் ஒரே ஒரு நட்சத்திரத்தை, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, அதன் வெளிச்சத்தை நோட்டில் குறிக்க வேண்டும். முன்னிரவு என் முறை. மூன்று மணிக்கு எழுந்து பார்ப்பது என் மனைவி. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. இப்போது நினைத்தாலும் உடம்பு வலிக்கிறது.

குறிப்புகளை அட்டைகளில் துளையிட்டுத் திருச்சியில் ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். அவற்றுக்குள் இருக்கும் ஒழுங்கைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. என் குறிப்புகள் ஒரே வளைவில் உட்கார்ந்தன. அவளுடையவை அதில் ஒட்டாமல் விலகிக் கிடந்தன.

"பாதியத் தூக்கிப் போடுய்யா. இல்லன்னா தீசிஸ் தேறாது," என்றார் என் பேராசிரியர்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "தூங்கி வழிஞ்சுக்கிட்டே வாய்க்கு வந்தத எழுதி வச்சியா?"

"ஆமா, எனக்குப் பொழுது போகல பாருங்க," என்றாள். ஆனால் மூன்று மணிக்கு எழுவதை நிறுத்தவில்லை.

மறுவாரம் ஒருநாள் முதல் பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்கே கிளம்பினேன். சுவரில் தினசரி காலண்டர் முந்தின நாளையே காட்டியது. கிழிக்கப் போனேன்.

"அட, என்னங்க! பொழுது விடியறதுக்குள்ள யாராச்சும் தேதி கிழிப்பாங்களா? குளிச்சிட்டு வந்து நான் கிழிச்சுக்கிறேன்."

கை அப்படியே நின்றது. "நோட்டுல என்ன தேதி போட்ட?"

"காலண்டர்ல இருந்ததத்தான்."

நள்ளிரவோடு தேதி மாறுவது கம்ப்யூட்டருக்கு. அவளுக்குச் சூரியன் வந்தால்தான் மறுநாள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்குமே அப்படித்தான். அதே வீட்டில் இருந்துகொண்டு இந்தப் படித்த மடையனுக்குத்தான் அது தோன்றவில்லை. அவளுடைய குறிப்பு ஒவ்வொன்றும் ஒரு நாள் பின்தங்கியிருந்தது, அவ்வளவுதான்.

அட்டைகளைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். அவளுடைய புள்ளிகள் என்னுடையவற்றைவிட நெருக்கமாக வளைவில் உட்கார்ந்தன. வெட்கமாக இருந்தது. சாயங்காலம் அந்தத் தாளை அவள் முன்னால் விரித்தேன்.

"உன் மேல தப்பே இல்ல. எல்லாம் சேந்துடுச்சு."

"இதுல எது என்னுது?"

காட்டினேன். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு தாளை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"சரிங்க. இன்னையிலேருந்து அலாரம் வைக்காதீங்க. நான் தூங்கணும்."