துக்கம் விசாரித்த வியாழக்கிழமை

அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. குடியிருப்பது அதே வட்டாரத்தில் ஒரு சிறிய பேரூராட்சியில். ஒருநாள் பேரூராட்சித் தலைவரம்மா பள்ளி வாசலுக்கே வந்து இறங்கினார்.

"டீச்சர், வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை ஒரு மணி நேரம் ஆபீசுக்கு வந்துட்டுப் போங்க. வெளிநாட்டுக்காரங்களோட பேசணும். அவுங்க சொல்றதைத் தமிழ்ல சொல்லுங்க, நாங்க சொல்றதை இங்கிலீஷ்ல சொல்லுங்க. எச்.எம். கிட்ட நான் கேட்டுட்டேன்."

சின்ன ஊர்களின் நிர்வாகங்கள் நாடு விட்டு நாடு ஜோடி சேர்ந்து, வெயிலையும் புகையையும் மின்சாரத்தையும் பற்றி ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. எங்களுக்கு ஜோடியாக வாய்த்தது ஐரோப்பாவில் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு குட்டி நகரம். ஊர்க் குடிநீர் மோட்டாரைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டுவது எங்கள் திட்டம். அதை அவர்கள் ஊரில் ஏற்கெனவே செய்திருந்தார்கள். கோடையில் அங்கே இப்போது வெயில் கொளுத்துகிறதாம், வெயிலோடு எப்படி வாழ்வது என்று அவர்கள் எங்களைக் கேட்டார்கள். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றித் தலைவரம்மா அரை மணி நேரம் பேசினார்.

எங்கள் பக்கம் தலைவரம்மாவும் உதவிப் பொறியாளரும் உட்காருவார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் அவர்கள் நகராட்சியில் காலநிலைப் பிரிவைப் பார்க்கும் அதிகாரி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. அவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான் என்பதால் நிதானமாகப் பேசுவார், எனக்கு வசதி. இன்னொருவர் குடிநீர்ப் பிரிவுக்காரர். பெரிய உடம்பு, சிவந்த முகம். எங்கள் பொறியாளரும் அவரும் மோட்டார் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் குறுக்கே தேவைப்படவில்லை. காகிதத்தில் படம் வரைந்து கேமரா முன்னால் காட்டிக்கொண்டே போவார்கள்.

உள்ளதைச் சொன்னால், அந்த ஊரைப் பற்றி எங்கள் எல்லோர் மனத்திலும் ஒரு எண்ணம் இருந்தது. அங்கே எல்லாம் சரியாக நடக்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், சுவிட்சைப் போட்டால் வெளிச்சம் வரும். நாங்கள்தான் படிக்க வந்தவர்கள்.

ஜூலை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அழைப்பு இணையவில்லை. மெயிலுக்கும் பதில் இல்லை. "லீவுல போயிருப்பாங்க, அங்கிட்டு இப்பத்தான் கோடை லீவு" என்றார் தலைவரம்மா. எழுந்து போய்விட்டோம்.

மறுநாள் மதியம் ஆசிரியர் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் போனில் வீடியோ அழைப்பு வந்தது. எடுத்ததும் யாரென்றே தெரியவில்லை. முகமெல்லாம் சேறு காய்ந்து ஒட்டியிருந்த ஒரு பெண். பின்னால் பெரிய கூடம், தரையில் மெத்தைகள், கம்பளி போர்த்திய வயசாளிகள், அழும் பிள்ளைகள். ஏதோ மோசடி அழைப்பு என்று நினைத்து அணைக்கப் போனேன். அந்தப் பெண் என் பெயரைச் சொன்னார். அந்தக் குரல் தெரிந்தது. காலநிலைப் பிரிவு அதிகாரி.

"ஆறு ஊருக்குள் வந்துவிட்டது" என்றார். "பாதி ஊர் இல்லை. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. உங்கள் பொறியாளர் எங்கே? உடனே பேச வேண்டும்."

நான் திரும்பத் திரும்ப "உங்கள் ஊரிலா? உங்கள் ஊரிலா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் நடத்துகிற வாயில் வேறு வாக்கியம் வரவில்லை. பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர்தான் என் தோளை உலுக்கி, "மொதல்ல கெளம்புங்க, என் வண்டியில போவோம்" என்றார். அவர் ஓட்ட, நான் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேரூராட்சி ஆபீசில் பொறியாளர் இருந்தார், போனை அவர் முன்னால் வைத்தேன்.

எங்கள் பொறியாளர் கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக்காரர். சில வருடங்களுக்கு முன் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட புயலின்போது அங்கேதான் வேலை பார்த்தார். முந்திரித் தோப்பெல்லாம் படுத்து, மின்கம்பங்கள் விழுந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத நேரம். வாடகை ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி, மோட்டார் மோட்டாராகக் கொண்டுபோய்த் தொட்டி நிரப்பியதை ஒரு வியாழக்கிழமை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அதை அந்த அதிகாரி மறக்கவில்லை.

"மேட்டில் இருக்கும் கிணறுகள் நன்றாக இருக்கின்றன" என்றார் அதிகாரி. "மின்சாரம்தான் இல்லை. ஒரு விவசாயி டிராக்டரும் ஜெனரேட்டரும் தருகிறார். ராணுவம் வந்து சேரப் பாலங்கள் இல்லை. எங்களிடம் ஒரு எலக்ட்ரீசியன் இருக்கிறார், ஆனால் அவர் வீடுகளுக்கு வயர் இழுப்பவர். கிணறுகளைத் தெரிந்தவர் எங்கள் குடிநீர்ப் பிரிவுக்காரர் மட்டும்தான். அவரைக் காணவில்லை."

கடைசி வாக்கியத்தைத் தமிழில் சொன்னதும் பொறியாளர் என்னைப் பார்த்தார். "காணலைன்னா?"

"காணலை சார். அவ்வளவுதான் சொல்றாங்க."

அவர் ஒருகணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு வேலையில் இறங்கிவிட்டார்.

"மோட்டார் எத்தனை எச்.பி.ன்னு கேளுங்க டீச்சர். ஜெனரேட்டரு அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல இருக்கணும், ஸ்டார்ட் ஆகையில இழுக்கும். ஒண்ணு ஓடி நின்னப்பறம்தான் அடுத்தது. வயர் மாத்திக் குடுத்தா மோட்டாரு தலைகீழாச் சுத்தும். ஓடுற சத்தம் கேக்கும், தண்ணி ஏறாது. அப்ப பயப்பட வேணாம், ரெண்டு வயரை மாத்திப் போட்டாப் போதும். நனைஞ்ச போர்டுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. இதை ரெண்டு தடவ சொல்லுங்க."

நான் சொன்னேன். அவர் சொல்ல நான் சொல்ல, அங்கே அதிகாரி தன் மொழியில் எலக்ட்ரீசியனுக்குச் சொன்னார்.

"இன்னொண்ணு. எந்தத் தெருவுக்கு எப்பத் தண்ணி வரும்னு மொதல்லயே சொல்லிறணும். சொல்லலைன்னா சனம் நாள் பூரா கொடத்தோட நிக்கும்."

அங்கே குடத்தோடு நிற்பார்களா? அந்த வார்த்தையை எப்படி மாற்றுவது என்று தெரியாமல் நான் 'வாளி' என்றேன். அதிகாரி, "இப்போதே நிற்கிறார்கள்" என்று கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினார். தெருவில் ஒரு பள்ளிக்கூட வாசல் வரை வரிசை. கையில் வாளி, பாத்திரம், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி. எங்கள் ஊர்த் தெருக்குழாயில் நான் சின்ன வயதிலிருந்து பார்த்த அதே வரிசை. நிறம்தான் வேறு.

தலைவரம்மா அதற்குள் ஓடி வந்திருந்தார். திரையைக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"அங்கயுமா?" என்றார். "டீச்சர், இது அவுங்க ஊருதானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

மாலைக்குள் முதல் கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. பொறியாளர் சந்தோஷப்படவில்லை. "அவரு கெடைச்சாரான்னு கேட்டீங்களா?" என்றுதான் கேட்டார்.

அடுத்த வியாழக்கிழமை வழக்கமான நேரத்துக்குத் திரை திறந்தது. அதிகாரி மட்டும் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார். முகம் கழுவியிருந்ததால் பழைய ஆளாகத் தெரிந்தார், பேச ஆரம்பிக்கும் வரை. குடிநீர்ப் பிரிவுக்காரரின் உடல் கிடைத்துவிட்டது. வெள்ளம் ஏறியபோது ஆற்றோரத்துப் பம்ப் அறையில் மெயின் சுவிட்சை அணைக்கப் போயிருக்கிறார். அணைத்தும் விட்டார். திரும்பி வரும் பாதையைத் தண்ணீர் மூடிவிட்டது.

இதை நான் தமிழில் சொல்ல வேண்டும். தலைவரம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தினேன். பொறியாளர் என் முகத்திலிருந்தே படித்துவிட்டார். "சொல்ல வேணாம் டீச்சர்" என்று எழுந்தார். "எங்க வச்சு?"

"பம்ப் ரூம்ல. மெயினை ஆஃப் பண்ணப் போயி."

அவர் வெளியே போய்விட்டார். அழத்தான் போகிறார் என்று நினைத்தேன். அழைப்பு முடிந்து வந்தால் அவர் வண்டியைக் காணோம். கண்மாய்ப் பக்கம் போனதாக ஆபீஸ் வாட்ச்மேன் சொன்னார். தலைவரம்மாவும் நானும் போனோம்.

கண்மாய்க் கரைக்குக் கீழே, உபரித் தண்ணீர் வழிந்தோடும் வாய்க்காலுக்குப் பக்கத்தில்தான் எங்கள் மோட்டார் அறை இருக்கிறது. அதை ஒட்டி, சூரிய மின்சாரத்துக்கான பேட்டரி அறை கட்டச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அஸ்திவாரம் தோண்டத் தொடங்கியாயிற்று. அந்தக் குழிக்குள் பொறியாளர் நின்றுகொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் கரை தெரிந்தது.

"பாருங்கம்மா" என்றார். "நான் நிக்கிற எடம், அவரு நின்ன எடம். ரெண்டும் ஒண்ணுதான். பிளானை அவுங்களும் பாத்தாங்க, நாமளும் பாத்தோம். ரெண்டு ஊரும் சேந்துதான் சரின்னோம். தண்ணி வரும்னு ஒருத்தருக்கும் தோணலை."

தலைவரம்மா கரையையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார். கண்மாய் வறண்டு கிடந்தது. நடுவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இந்த அறையின் சாவி எங்கள் ஊரில் யாரிடம் இருக்கும்? மழைக்காலத்தில் மெயினை அணைக்க யார் வந்து இறங்குவார்? அந்த ஆளை எனக்குத் தெரியும். என் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா.

"மூடுங்க இதை" என்றார் தலைவரம்மா. "கான்ட்ராக்டரு என்ன வேணா சொல்லட்டும். மேட்டுல ஆபீசுக்குப் பின்னாடி கட்டுங்க. இங்க இருக்க சுவிட்ச் போர்டையும் மேல ஏத்துங்க. தண்ணி வந்தா எறங்காம அணைக்கணும்."

கவுன்சிலில் சத்தம் இல்லாமல் இல்லை. கண்மாய் நிரம்பியே பல வருடம் ஆச்சே, யாருக்குப் பயப்படுகிறீர்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். தலைவரம்மா, அதிகாரி அனுப்பியிருந்த பம்ப் அறைப் படத்தைப் போனில் எடுத்து அவர் முன்னால் வைத்தார். கதவு பெயர்ந்து, உச்சி வரை சேறு. அந்த உறுப்பினர் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. கூட்டம் தொடங்கும் முன் தலைவரம்மா சொன்னார்: "டீச்சர், அந்த மனுசன் சம்சாரத்தைப் பாக்கணும்னு கேளுங்க. ஒரு சாவு விழுந்திருக்கு. நாம பாட்டுக்குச் சோலார் பேசிட்டு எந்திரிச்சுப் போனா என்ன அர்த்தம்? துக்கம் விசாரிக்கணும்."

துக்கம் விசாரிப்பதற்கு ஆங்கிலத்தில் என்னிடம் சொல் இல்லை. இறந்தவர் வீட்டுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்திருப்பது எங்கள் வழக்கம், அதைச் செய்யத் தலைவரம்மா ஆசைப்படுகிறார் என்றேன். அதிகாரி தயங்கினார். அவர்கள் ஊரில் அப்படிக் கேட்பது பழக்கமில்லையாம். ஆனாலும் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அந்த அம்மா வந்தார். அடுத்த வியாழக்கிழமை, அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில், தங்கையின் கையைப் பிடித்தபடி. எங்கள் பக்கம் கவுன்சிலர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தலைவரம்மா தலையில் பூ இல்லை. என்ன பேசப் போகிறார், நான் எப்படி மாற்றிச் சொல்வேன் என்று எனக்குப் படபடப்பு. அவரோ என் கையைத் தொட்டு, "ஒண்ணும் பேச வேணாம். சும்மா உக்காந்திருப்போம்" என்றார்.

உட்கார்ந்திருந்தோம். ஃபேன் ஓடும் சத்தம் மட்டும். திரைக்கு அந்தப் பக்கம் முதலில் அவர்களுக்குப் புரியவில்லை, அழைப்பு உறைந்துவிட்டதோ என்று அதிகாரி கேமராவைத் தட்டிப் பார்த்தார். பிறகு புரிந்தது. அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அதுவரை அவர் அழவே இல்லை என்று அதிகாரி பின்னால் சொன்னார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் ஒன்று கேட்டார். அவர் மொழியிலிருந்து அதிகாரி ஆங்கிலத்துக்கு, நான் தமிழுக்கு: உங்கள் ஊரில் எத்தனை நாள் இப்படி வருவார்கள்?

"பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வருவாங்க" என்றார் தலைவரம்மா. "அவுங்க ஊர்ல?"

"அடக்கம் முடிந்ததும் காப்பி குடித்துவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள்" என்று பதில் வந்தது.

தலைவரம்மா அதிர்ந்து போனார். வெள்ளத்தைப் பார்த்தபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. "அன்னைக்கேவா? தனியா விட்டுட்டா?" என்றவர், என் பக்கம் திரும்பி, "அப்ப நாங்க வாரம் வாரம் வாரோம்னு சொல்லுங்க" என்றார்.

சில வாரங்கள் கூட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம் அந்த அம்மாவும் வந்து உட்கார்ந்தார். பிறகு வேலைக்குத் திரும்பியதாகச் சொல்லி நின்றுவிட்டார். குடிநீர்ப் பிரிவுக்கு ஓர் இளம்பெண் வந்திருக்கிறார். எங்கள் பேட்டரி அறை மேட்டில் எழுந்துவிட்டது, மோட்டார் பகலில் வெயிலில் ஓடுகிறது. பம்ப் அறையை அவர்களும் ஆற்றை விட்டு மேலே கொண்டுபோகிறார்கள். அதற்கான வரைபடத்தைப் போன வியாழக்கிழமை எங்கள் பொறியாளருக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் மேல ஏத்தச் சொல்லுங்க டீச்சர்" என்றார். நான் சொன்னேன்.