காசைச் சாய்த்துப் பார்க்கிற மனுஷன்

என் வீட்டுக்காரருக்குப் பழைய நாணயங்களுக்கு மார்க் போடுகிற வேலை. மொத்தம் எழுபது மார்க். இருபத்திரண்டு வருஷத்தில் எந்தக் காசுக்கும் எழுபது போட்டதில்லை, அப்படி ஒரு கஞ்சன். என் காபிக்கு அறுபத்து மூன்று, அதுவும் மனசு நன்றாக இருந்தால்.

எது கையில் கிடைத்தாலும் விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். கத்தரிக்காயைக்கூட விடமாட்டார், காய்கறிக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "முதல்ல மினுக்கம். அப்புறம், பாத்ததும் கண்ணுக்குப் பிடிக்கணும்" என்று இவர் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துவிட்டது. கேட்டதோடு விட்டேனா? அதுதான் இல்லை.

என் தம்பிக்குக் காசு சேர்க்கிற பைத்தியம். அப்பாவின் மேசையில் கிடைத்த வெள்ளிக்காசு ஒன்றை, வீடு மாற்றும்போது தொலைந்துவிடும் என்று என்னிடம் கொடுத்து வைத்தான். "அக்கா, அத்தான்கிட்ட மூச்சு விடாதே. ஆபீஸ் கவுன்டர்லயே குடுக்கிறேன். யாரோடதுன்னு தெரியாம மார்க் போடட்டும். அறுபத்தஞ்சு வந்தா கண்காட்சியில முதல் வரிசை!"

அவன் போனதும் காகிதத்தைப் பிரித்தேன். காசின் ஓரமெல்லாம் நீலமும் பழுப்புமாய்க் கறை. ஐயோ பாவமே, இந்த அழுக்கோடா பரீட்சைக்குப் போவது? எங்கள் வீட்டுக் கிராம்புப் பற்பசை போட்டுப் பழைய பிரஷ்ஷால் கால் மணி நேரம் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. நானே எழுபது போட்டு, அதே காகிதத்தில் மடித்து வைத்தேன். தம்பி அவசரக் குடுக்கை, பிரித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பதினைந்து நாளில் காசு திரும்பி வந்தது. மார்க்கே இல்லை. 'தேய்த்துக் கழுவியது' என்று ஒரு சீட்டு, கீழே என் வீட்டுக்காரர் கையெழுத்து.

தம்பி எங்கள் வாசலில் நின்று குதித்தான். "அப்பா காசு அத்தான்! நான் தேய்ப்பேனா? உங்க ஆபீஸ்லதான் யாரோ தேய்ச்சிருக்காங்க. அதுகூடத் தெரியாம உங்களுக்குக் கண்ணு போச்சா, இல்ல பொறாமையா?"

இவர் காசை வாங்கி விளக்கடியில் சாய்த்தார். "அச்சடிச்சப்ப விழுந்த பொடிக்கோடுதாம்ப்பா மினுக்கம். சாய்ச்சா வெளிச்சம் சக்கரமா சுத்தணும். இதுல கோடெல்லாம் போயிடுச்சு, வெறும் பளபளப்புதான். ஓரத்துல வயசால ஏறின நல்ல நிறம் வேற இருந்திருக்கும், அதுக்கே மார்க் கூடியிருக்கும்." அப்புறம் ஏனோ என் பக்கம் பார்த்தார். அதற்குமேல் தம்பி எவ்வளவு கத்தியும் வாயைத் திறக்கவில்லை.

அன்றோடு தம்பி வருவது நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவனோடு சீட்டாடுகிற இவர், தனியாக உட்கார்ந்து சீட்டுக்கட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்குவார். என்னால் தம்பி இந்த வாசலை மிதிக்காமலே போய்விடுவானோ? ஆனால் எப்படிச் சொல்வது? நாணயம் பார்க்கிறவர் பெண்டாட்டி காசுக்குப் பல் விளக்கினாள் என்றால் ஊரே சிரிக்காதா?

மூன்றாவது ஞாயிறு கொட்டிவிட்டேன். "தேய்ச்சது நான்தாங்க."

"தெரியும்" என்றார், சீட்டைப் பார்த்தபடியே. "எழுத்து இடுக்குல காய்ஞ்ச பசை, கிராம்பு வாசனை. அவன் வந்து கத்தினப்பதான் அது நம்ம வீட்டு வாசனைன்னு புரிஞ்சுது."

"தெரிஞ்சுமா அத்தனை திட்டையும் வாங்கிக்கிட்டீங்க?"

"என்னைத் திட்டினா நான் மறந்துடுவேன். உன்னைத் திட்டினா நீ மறப்பியா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டினான். நானும் விடவில்லை. கடைசியில், "வந்து தொலையறேன். சீட்டுக்கட்டை எடுத்து வெக்கச் சொல்லு" என்றான்.

வந்தவன் அத்தான் முகத்தைப் பார்க்க முடியாமல் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு காபி எடுத்துப் போனேன்.

"ஏங்க, இத்தனை மார்க் போடறீங்களே, எனக்கு எவ்வளவு?"

இவர் என் மோவாயைப் பிடித்து, விளக்குப் பக்கம் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"தேய்ச்சுக் கழுவினது. மார்க் கிடையாது."

தம்பிக்குக் காபி புரையேறிவிட்டது. இவரே அவன் தலையில் தட்டினார்.