ஹமீது பாய் திரும்ப எடுக்கச் சொன்ன ஷாட்

ஹமீது பாய் காலமானார் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நான் எடிட்டிங் அறையில் இருந்தபோது வாட்ஸப்பில் வந்தது. நம்பவில்லை. எங்கள் தொழிலில் உயிரோடு இருப்பவர்களுக்கும் யாராவது அவ்வப்போது அஞ்சலி எழுதிவிடுகிறார்கள். அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். அவர் மகள் எடுத்தாள். "ஆமா ஆன்ட்டி, காலையிலதான்" என்றாள்.

தட்டாஞ்சாவடி ஸ்டூடியோவில் அவருடன் வேலை செய்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புதுச்சேரிக்குப் பாட்டு எடுக்க வரும் சினிமாக் கம்பெனிகளுக்குத் தெருக்களில் அனுமதி வாங்கித் தருவதில் தொடங்கியவர் அவர். எந்த வீட்டு வாசலில் எத்தனை மணிக்கு வெயில் விழும், எந்த வீட்டு அம்மா கேமராவைக் கண்டதும் கதவைச் சாத்துவார் என்பதெல்லாம் மனப்பாடம். பிறகு மூடிக்கிடந்த தகர டப்பா தொழிற்சாலை ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரே சமயத்தில் மூன்று தொலைக்காட்சித் தொடர்கள் எடுக்கும் ஸ்டூடியோவாக்கினார். 'தலைமை நிர்வாகி' என்று ஓர் அறைக்கதவில் பலகை இருந்தது. அந்த அறையில் அவர் உட்கார்ந்திருந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

எம்.ஏ. முடித்து, கல்லூரி வேலை கிடைக்காமல் கதைப் பிரிவில் சேர வந்தவள் நான். "சீரியல் பாப்பியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு. பாக்குறவங்க போன வாரம் பாத்ததயே எழுதிக் குடுக்குறாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

ஒரு பாத்திரத்தைக் கதையில் சாகடிக்க முடிவானால், நடிப்பவருக்கு அதை அவரே வீடு தேடிப் போய்ச் சொல்வார். மற்ற இடங்களில் வசனத்தாளைப் படித்துத்தான் நடிகர்கள் தங்கள் சாவைத் தெரிந்துகொள்வார்கள். "ஆளயே கொல்றோம். நேர்ல போய்ச் சொல்ல வேணாமா?" என்பார். போகும்போது பெரிய மார்க்கெட்டில் ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொள்வார். அதனால் ஸ்டூடியோவில் அவர் கையில் பழப்பையைப் பார்த்தாலே நடிகர்கள் மேக்கப் அறைக்குள் நழுவிவிடுவார்கள்.

பத்தாண்டுகளுக்கு முன் அந்தப் பை விமலா அக்காவின் வீட்டுக்குப் போனது. எங்கள் தொடர் ஒன்றில் மாமியாராக நடித்தவர், பிள்ளைச்சாவடிக்காரர். அவருக்கு இதய வால்வில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். மூன்று மாதம் வரமுடியாது. கதையில் மாமியாரைக் காசிக்கு அனுப்பிவைப்போம் என்று ஹமீது பாய் சேனலில் மன்றாடினார். அவர்கள் சாவுதான் வேண்டும் என்றார்கள். என்னையும் அழைத்துக்கொண்டு போனவர், டீயைக் குடித்து முடித்தும் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். விமலா அக்காதான் பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நான் செத்துட்டேனா பாய்?"

"வர்ற திங்கக்கெழம."

"காலைல வேணாம் பாய், ரேஷன் கடைக்குப் போவணும். மத்தியானமா சாவுறேன்."

அதற்குள் நான் கதைப் பிரிவிலிருந்து இயக்கத்துக்கு வந்திருந்தேன்; அந்தத் திங்கட்கிழமை படப்பிடிப்பு என் பொறுப்பில் இருந்தது. பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் எழுந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம்பிடித்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். இது எங்கள் தொழிலில் எல்லோரும் காக்கும் வழக்கம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, இன்னொரு காட்சி பாக்கி இருந்தது. சிரிப்பை எடுக்காமலே அடுத்த காட்சிக்குக் கேமராவைத் திருப்பச் சொல்லிவிட்டேன். விமலா அக்கா மாலையைக் கழற்றாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அதைப் பார்த்தேன். பிறகு அவரே எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்து அவர் மகன் ஹமீது பாய்க்கு ஃபோன் செய்தார். அம்மா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். 'பொணமாவே வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த டேபிள்ல படுத்தா எந்திரிக்க மாட்டேன்' என்று அழுகிறார். டாக்டர் தள்ளிப்போடக்கூடாது என்கிறார்.

ஹமீது பாய் என்னைக் கூப்பிட்டு, நடந்ததைக் கேட்டார். இதெல்லாம் மூடநம்பிக்கைதானே என்றேன்.

"எனக்கும் நம்பிக்க இல்லம்மா. ஆனா மால போட்டுப் படுத்தது நீயும் இல்ல, நானும் இல்ல."

மறுநாள் காலை மற்ற தொடர்களின் வேலையை நிறுத்தினார். பிரித்துப் போட்டிருந்த பாடையை மறுபடி கட்டச் சொன்னார். அதே புடவை, அதே மாலை. விமலா அக்காவைத் தானே போய் அழைத்து வந்தார். அக்கா படுத்தார், எழுந்தார், கேமராவைப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. லைட்மேன் முதல் சமையல்காரர் வரை நின்றிருந்தோம். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"நீ போய்ப் பேசும்மா" என்றார் என்னிடம்.

நான் போய்க் கையைப் பிடித்தேன். "தப்பு என்னோடதுக்கா. மன்னிச்சுக்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கேமராமேனைப் பார்த்து, "எம்.ஏ. மேடம் மன்னிப்புக் கேக்குது. இத எடுத்தியாடா?" என்றார். சொல்லும்போதே சிரித்துவிட்டார்.

அந்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது. சேனல்காரர்கள் அரை நாள் வீணானதற்கு விளக்கம் கேட்டார்கள். "ஷாட் சரியா வரல, திரும்ப எடுத்தோம்" என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

ஹமீது பாயை அடக்கத்துக்கு எடுத்துப் போவதற்கு முன், பெண்கள் இருந்த அறையில் விமலா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

எனக்கு இன்றும் அந்த வழக்கத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்றைய வேலை முடிந்தது என்று அறிவிக்கும் முன் ஒரு முறை திரும்பி, எழுந்துபோகாமல் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன். இருந்தால் பக்கத்தில் போய் என்னவென்று கேட்கிறேன். ஹமீது பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்.