கை கழுவும் இடத்துச் சாக்கு

அந்தத் தையல் கம்பெனியின் பெண்கள் கழிவறையைப் பதினோரு வருஷமாகக் கழுவி வருகிறவள் அவள். எல்லோருக்கும் ‘பினாயில் அக்கா’. அப்படிப் பெயர் வைத்தவள்மேல் அவளுக்குக் கோபமில்லை; கோபித்தால் மட்டும் வாசனை போய்விடுமா?

கை கழுவும் தொட்டியின் அடிக்குழாய் ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. தரையோ வழவழ டைல்ஸ். யாராவது விழுந்து வைத்துவிடப் போகிறார்களே என்று அவளுக்குப் பயம். மேற்பார்வையாளரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். “பாக்கலாம்மா, பாக்கலாம்” என்பார். பார்த்தால்தானே! கடைசியில், துணி வந்த சாக்கு ஒன்றை அவளே நான்காக மடித்துப் போட்டுவிட்டாள். முந்நூறு பெண்களும் தரையைப் பார்க்காமலே அதில் காலை வைத்துப் பழகிவிட்டார்கள்.

அன்றைக்கு வெளியிலிருந்து பாதுகாப்புச் சோதனைக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. மேற்பார்வையாளர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் மாதிரி ஓடி வந்தார்.

“என்னம்மா இது, கண்றாவி? எடு மொதல்ல.”

“எடுத்தா வழுக்கும் சார். அந்தக் குழாய…”

“வர்றவங்க முன்னாடி மானத்த வாங்காத. எடுன்னா எடு.”

எடுத்தாள். மனசு கேட்காமல் மாப்பும் கையுமாக அங்கேயே நின்று துடைத்தாள். வந்தவளிடமெல்லாம், “பாத்து வாடி, இன்னிக்கு சாக்கு இல்ல” என்றாள். அதுவும் அரைமணி நேரம்தான். வருகிறவர்கள் கண்ணில் ஈர மாப்பும் அவளும் படக்கூடாதாம். மாடிக்கு விரட்டிவிட்டார்கள்.

அலறல் கேட்டு அவள் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தபோது, பித்தான் தைக்கிறவள் தொட்டியடியில் கிடந்தாள். தினமும் அவளோடு சேர்ந்து சாப்பிடுகிறவள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு துடித்தாள்.

“தண்ணியத் தொடைக்காம எங்கம்மா போய்த் தொலஞ்ச?” என்று மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கத்தினார்.

அடப்பாவி! ‘மாடிக்கு வெரட்டினது யாரு?’ என்று கேட்க வாயெடுத்தாள். இந்த வேலையும் போனால் வீட்டில் படுத்திருக்கிற புருஷனுக்கு யார் கஞ்சி ஊற்றுவது? விழுங்கிக்கொண்டாள். அழுகைதான் வந்தது.

நாலு பேர் தூக்கும்போது பித்தான்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ போட்டிருப்பேன்னு நம்பித்தாங்கா கால வச்சேன்.”