மொடெனாவின் சிங்கங்களும் என்னுடைய இரண்டு வார்த்தையும்

நான் இத்தாலிக்குப் போனதில்லை. ஆனாலும் தொண்ணூறுகளின் நடுவில், மொடெனா என்ற ஊரின் பெரிய தேவாலயத்தைப் பற்றி ஆக்லாந்து நகரின் மவுண்ட் ரோஸ்கில்லில் என்னைவிட அதிகம் கதைத்தவர் எவருமில்லை. அன்று அகப்பட்டுக்கொண்டவர்களில் சிலர் இன்றும் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் நான் பொறியியலாளன். ஆக்லாந்தில் நான் வேலை விண்ணப்பதாரி. என் மனைவி அங்கே சித்திர ஆசிரியை. இங்கே ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி பாண் பொதி செய்தாள். வீட்டு வாடகை அவளுடைய சம்பளத்தில் போனது. குடும்பப் பாரத்தைச் சுமந்தது மட்டும் நான். எப்படிச் சுமந்தேன் என்றால், கதிரையில் சாய்ந்திருந்து பெருமூச்சு விட்டேன். விடியக் காலையில் ஒன்று, தபால்காரர் ஒன்றும் போடாமல் போனதும் இன்னொன்று, அவள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும் நேரம் பார்த்துப் பெரிதாக மற்றொன்று.

ஹில்ஸ்பரோ பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடந்தது. இடைக்கால இத்தாலியத் தேவாலயங்களின் கட்டடமும் சிற்பமும் என்பது பாடம். அவள் சேர்ந்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாததால் நான் கூட்டிப்போனேன். குளிர்காலம் என்பதால் சாரதியையும் உள்ளே விட்டார்கள். பின்வரிசையில், ஹீட்டருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. இருட்டறை, சூடு, ஸ்லைடு இயந்திரத்தின் மெல்லிய இரைச்சல். பல தேவாலயங்களை நான் கண்ணை மூடியபடியே பார்த்தேன்.

ஒருநாள் கண்ணைத் திறந்தபோது திரையில் இரண்டு சிங்கங்கள் இருந்தன. மொடெனா தேவாலயத்தின் முகப்பு வாசலில், ஆளுக்கொரு தூணை முதுகில் தாங்கிப் படுத்திருந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தூணும் சிங்கமும் எங்கள் கோயில் சமாச்சாரம் அல்லவா? மாமல்லபுரத்தில் சிங்கத் தூண் இருக்கிறது, மதுரையில் யாளி இருக்கிறது. இந்த இத்தாலியர்கள் எங்களிடமிருந்து எடுத்திருக்கிறார்கள். கப்பலில் மிளகு போயிருக்கிறது, மிளகோடு சிற்பியும் போயிருக்கிறான். இதை நிரூபிக்க எனக்கு அந்த ஒரு ஸ்லைடு போதுமாயிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகரின் மறுகோடியில் இருக்கும் பக்குரங்கா வரை காரை ஓட்டிப்போய், கணினி வேலைக்கு வந்திருந்த மதுரை நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஆமா சார், எங்க ஊர் யாளிய ஒரு தடவை பாத்தவன் சும்மா போவானா?" என்றார். இரண்டு பேர் ஒத்துக்கொண்டதால் அது வரலாறு ஆகிவிட்டது.

அதே வாசலில் என் மனைவியின் கண்ணில் பட்டது வேறொன்று. கதவு நிலையின் அடியில் குந்தியிருக்கும் ஒரு சிறிய கல் மனிதன். முதுகு வளைந்து, கழுத்து தோளுக்குள் புதைந்து, வாய் கோணி, மேலே இருக்கும் கல்லையெல்லாம் தானே தாங்குகிறவன் போல இருந்தான். வீட்டுக்கு வரும் வழியில் அவனைப் பற்றி என்னிடம் கேட்டாள்.

"அவன் ஒண்டையும் தாங்கேல்லை," என்றேன் பொறியியலாளனாக. "பாரம் முழுக்கப் பின்னால சுவரிலதான் இறங்குது. அவனைக் கழட்டி எடுத்தாலும் ஒண்டும் விழாது. சும்மா முகத்தைச் சுளிச்சுக்கொண்டு இருக்கிறான்."

அவள் நெடுநேரம் சிரித்தாள். என் நகைச்சுவை உணர்வை அவள் ஒருவழியாக மதிக்கத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வகுப்பில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு சிற்பத்தைப் பற்றி எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். வகுப்பை நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணிதான் அந்தப் பள்ளிக்கூடத்துச் சித்திரப் பகுதிக்கும் பொறுப்பு. சித்திர வகுப்புக்கு ஓர் உதவியாசிரியர் தேவைப்படுகிறார், அன்று நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்று பார்த்துவிட்டு அதிபரிடம் சொல்கிறேன் என்று அவர் என் மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"எனக்குத் திரும்ப ஒருக்கா வகுப்புக்குள்ள போய் நிக்கோணும் போல கிடக்கு," என்று அன்று காரில் சொன்னாள். வந்த நாளிலிருந்து அவள் தனக்காக எதையும் கேட்டதில்லை. ஆகவே அவளுக்கு உதவ முடிவு செய்தேன். அவள் பேசுவதற்கு, மிளகிலிருந்து தொடங்கி மாமல்லபுரம் வழியாக மொடெனா போய்ச் சேரும் ஓர் உரையை நானே எழுதிக் கொடுத்தேன்.

"நீர் இதை அப்பிடியே வாசிச்சாப் போதும்."

"ஓம், வையுங்கோ," என்றாள். குசினி மேசையில் வைத்தேன். மறுநாள் அதன்மேல் வெங்காயம் இருந்தது.

கடைசி நாளில் அவள் அந்தக் கல் மனிதனைப் பற்றித்தான் பேசினாள். ஆங்கிலம் முதலில் கொஞ்சம் தடக்கியது, பிறகு வழிக்கு வந்தது. இவன் எதையும் தாங்கவில்லை, இதைக் கண்டுபிடித்தவர் என் கணவர் என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாரத்தைத் தாங்குவது பின்னால் இருக்கும் சுவர். சுவருக்கு முகமில்லை, நோகிறது என்று அதனால் சொல்ல முடியாது, அதனால்தான் சிற்பி பக்கத்தில் ஒரு முகத்தை வைத்தான் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அங்கேயே நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. நன்றியுரையும் முடிந்து எல்லோரும் எழும்பும் நேரத்தில், பின்வரிசையிலிருந்து ஒருவர், "இரண்டு வார்த்தை" என்று எழுந்து நிற்பார். பெரும்பாலும் அந்த ஒருவர் நான்தான். என் இரண்டு வார்த்தை முடிவதற்குள் மேசையில் இருக்கும் ரோல்ஸ் பலகாரமும் தேநீரும் ஆறிவிடும் என்பது ஊரறிந்த விஷயம். கைதட்டல் ஓய்ந்ததும் கால்கள் தாமாகவே எழுந்துவிட்டன. மிளகு, கப்பல், மாமல்லபுரம், யாளி என்று எல்லாவற்றையும் இறக்கினேன். அந்தச் சிங்கங்கள் தமிழ்ச் சிங்கங்கள் என்று முடித்தேன்.

வகுப்பை நடத்திய பெண்மணி என் மனைவியைப் பார்த்து, "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். என்னைக் காப்பாற்றுவதா, தன் வேலையைக் காப்பாற்றுவதா என்ற நிலையில் அவளை நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் அவசரப்படவில்லை. அந்தச் சிங்கங்கள் தேவாலயத்தைவிடப் பழையவை, ரோமர் காலத்தவை, மண்ணில் கிடந்ததை எடுத்து வாசலில் வைத்தார்கள் என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொன்னீர்கள் என்றாள். மாமல்லபுரம் அந்தச் சிங்கங்களுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. "அன்றைக்கு என் கணவர் ஹீட்டருக்குப் பக்கத்தில் நித்திரை," என்றாள். வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை நின்று, "கழுதையின் முதுகில் மூட்டை ஏற்றுவதற்கு யாரும் யாரிடமும் போய்ப் படிக்கத் தேவையில்லை," என்றும் சொன்னாள். நான் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் இரண்டு வார்த்தை முடிந்தபின் தேநீர் சூடாகவே இருந்தது.

எல்லோரும் போனபிறகு ஆசிரியை அவளைக் கூப்பிட்டுக் கதைத்தார். நான் காரில் இருந்தேன். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்ற பயத்தில் சீட் பெல்ட்டைக்கூடப் போட்டுக்கொண்டேன். அவள் வந்து ஏறியதும் காரை எடுத்தேன்.

"என்னவாம்?" என்றேன்.

"வேலை கிடைச்ச மாதிரித்தான். திங்கக்கிழமை அதிபரை வந்து பாக்கட்டாம். பின்வரிசையில இருந்து குழப்புறவையை இப்பிடிச் சமாளிக்கிற ஒராளைத்தானாம் தேடினவை."

நான் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டேன். ஒரு கையால் தோளைப் பிசைந்தேன். "அப்பாடா," என்றேன், "இப்பத்தான் என்ர முதுகில இருந்த பாரம் இறங்கினது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள், முன்பு ஒருநாள் காரில் சிரித்த அதே சிரிப்பு. மவுண்ட் ரோஸ்கில் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. எதற்குச் சிரிக்கிறாள் என்று விளங்காமல், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். முதுகு வளைந்து, கழுத்து தோளுக்குள் புதைந்து, வாய் கோணி ஒருவன் அதில் இருந்தான். பக்கத்து இருக்கையில் சுவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது.